செல்ஃப் எடுக்காத பிக்கப்பும் குற்றாலச் சாரலும்

விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்த அதிகாரி, துண்டில் சுற்றி வைத்திருந்த இரும்பு உருளையை வெளியே எடுத்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"பழைய பிக்கப் வண்டியோட சொலினாய்டு சார். செல்ஃப் மோட்டார் மேல உட்காரும்."

"இதுக்காகவா மலேசியாவிலேருந்து வர்றீங்க?"

ஆமாம் என்றேன். அவர் உருளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையை மூடித் தள்ளிவிட்டார்.

எனக்கு ஊர் தைப்பிங். சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறி போடுவது தொழில். அதற்கு ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். அதே மாடல் வண்டி வைத்திருப்பவர்கள் நாடு நாடாகச் சேர்ந்து பேசிக்கொள்ளும் ஓர் இணையக் குழுவில்தான் வேலாயுதம் அண்ணாச்சி எனக்குப் பழக்கமானார். தென்காசிக்குப் பக்கத்தில் இலஞ்சியில் இருக்கிறார். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகத் தினமும் பேசுகிறோம், பேச்சு முழுக்க வண்டிதான்.

சில மாதமாக அவருடைய வண்டி செல்ஃப் எடுக்காமல் படுத்தியது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. விளக்கு நன்றாக எரியும், ஹாரன் அலறும், இன்ஜின் மட்டும் சுற்றாது. சில நாள் ஒரே திருகில் எடுத்துவிடும். புது பேட்டரி போட்டுப் பார்த்தும் குணம் தெரியவில்லை. சொலினாய்டு தேய்ந்திருக்கும் என்று நான் தைப்பிங்கில் உட்கார்ந்துகொண்டே தீர்ப்புச் சொன்னேன். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் பெரிய சுவிட்ச் அது. அந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்றார். எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. தபாலில் போடவா என்று கேட்டதற்கு, "நேர்ல வாங்க தம்பி, சாரல் சீசன் வேற" என்றார். மனைவியிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் பெட்டி கட்டிக் கொடுத்தாள்.

தென்காசியில் இறங்கியபோது காற்றுதான் முதலில் வரவேற்றது. கடைகளின் பிளாஸ்டிக் தார்ப்பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மழைக்குப் பேர் போன ஊர்க்காரன் நான். ஆனால் எங்கள் மழை வேறு. மத்தியானம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். இந்தச் சாரலுக்குக் குடை பிடிப்பதா வேண்டாமா என்பதே புரியவில்லை. மலைப்பக்கம் வெயில் அடிக்கிறது, முகத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீர் விழுகிறது. ரோட்டில் ஒருவர்கூட அவசரமாக ஓடி ஒதுங்கவில்லை. நனைந்தபடியே பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி ஆட்டோவில் வந்திருந்தார். படத்தில் பார்த்ததைவிடக் குட்டையான மனிதர். கையைப் பிடித்துக்கொண்டு, "காலைல எடுக்கல தம்பி. ஒங்களக் கூப்புட நம்ம வண்டியிலதான் வரணும்னு நெனச்சேன்" என்றார். வழியெல்லாம் என் வண்டியின் நலம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவர் மனைவி சொர்ணம் மதினி சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பால் குழம்பும் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும். தேங்காய்ப்பாலில் வளர்ந்தவன்தான் நானும், காலையிலேயே தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு சாப்பிடும் ஊர். ஆனால் இப்படிக் காரமே தலைகாட்டாமல், பாசிப்பருப்பும் முருங்கைக்காயுமாக ஒரு தேங்காய்ப்பால் குழம்பை எங்கள் பக்கம் பார்த்ததில்லை. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நான்காவது முறை கரண்டியை நீட்டியபடி மதினி சாதாரணமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம செங்கோட்டையிலருந்து ஒருத்தர் வண்டி பாக்க வருதாரு தம்பி. அதுக்குள்ள ஒங்களுக்கு என்ன பாக்கணுமோ பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார். இந்தச் செய்தியை என்னிடம் அவர் சொல்லியிருக்கவில்லை.

சாப்பிட்டபின் அவர் படுக்கப் போனதும் மதினி விவரம் சொன்னார். இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணாச்சிக்கு இதயத்தில் அடைப்பு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பாரம் தூக்கக்கூடாது, எதையும் தள்ளக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மதினி அறிவியல் டீச்சர். அவர் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில், செல்ஃப் எடுக்கவில்லை என்று அண்ணாச்சி வண்டியைத் தனியாகத் தள்ளியிருக்கிறார். வாய்க்கால் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை வயலுக்குப் போனவர்கள் பார்த்துத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

"எனக்கு மட்டும் வண்டி மேல ஆச இல்லையா தம்பி? ஆனா வண்டியா, ஆளான்னு வந்தா நான் என்ன சொல்லட்டும்?"

வெளியே தென்னைக்கு அடியில் தகரக் கொட்டகையில் நின்றது வண்டி. கிளிப்பச்சை. கிட்டே போனால் பிரஷ் இழுத்த கோடுகள் தெரிந்தன. பானெட்டைத் தூக்கினேன், உள்ளேயும் கிளிப்பச்சை.

"நீங்களா அண்ணாச்சி அடிச்சது?" என்று மறுநாள் காலையில் கேட்டேன்.

"அவதான்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன். கூட தங்க விட மாட்டாங்க, வீட்டுல தனியா இருக்கவும் முடியல போல. பச்ச பெயின்ட் அடிக்கணும், அடிக்கணும்னு நான் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே கெடந்தேன்லா. இவளே கழட்ட முடிஞ்சத எல்லாம் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பிரஷ் வச்சு ஒத்தையில அடிச்சிருக்கா. திரும்ப மாட்டுனதும் அவதான். நான் வந்து எறங்குன அன்னைக்கு வண்டி இப்பிடி நிக்கி."

வெள்ளிக்கிழமை முழுக்க நான் வண்டிக்கு அடியில்தான் கிடந்தேன். எங்கள் ஊரிலும் இதே இடத்தில் இதே போல்ட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதால் கை தானாகப் போயிற்று. பழைய சொலினாய்டைக் கழற்றி, கடல் தாண்டி வந்ததை மாட்டினேன். அண்ணாச்சி சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே இன்ஜின் எடுத்தது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சத்தம் கேட்டு மதினி வாசலுக்கு வந்தார்.

"எடுத்துட்டுட்டி!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"நாளைக்கும் எடுக்கட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போய்விட்டார். ஆனால் அன்று சாயங்காலம் குற்றாலம் போகலாம் என்றதும் முதலில் கிளம்பி நின்றது அவர்தான்.

முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். வழியில் ஒரு பழக்கடையில் நிறுத்தி, "ஒங்களுக்கு ஒரு அதிசயம் காட்டுதேன்" என்று அண்ணாச்சி இறங்கிப் போனார். மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்கி வந்தார். எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டும் காய்த்துத் தரையில் கொட்டும், பெருக்கித் தள்ளுவோம். சொல்ல மனம் வரவில்லை. ஒன்றை உரித்து வாயில் போட்டு, "அபாரம்" என்றேன். மதினி என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பேரருவியில் நல்ல தண்ணீர். அடியில் தலையைக் கொடுத்தால் முதுகில் யாரோ விடாமல் குத்துவது போல இருந்தது. எங்கள் ஊர் அருவிகளில் தனியாகப் போய்த் தனியாகக் குளித்து வருவோம். இங்கே பக்கத்தில் நிற்பவர் என் தோளைப் பிடித்து இழுத்து, "இங்கன நில்லுங்க, இதுதான் நல்லா அடிக்கும்" என்று தன் இடத்தையே கொடுத்தார். அவர் பேர்கூடத் தெரியாது. ஈரத்தோடு நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். சூட்டில் நாக்கு பொத்துப்போனது.

திரும்பி வந்து அண்ணாச்சி சாவியைத் திருகினார்.

டிக்.

மறுபடி டிக். மறுபடி. பின்னால் ஒரு சுற்றுலா பஸ் வெளியே வர வழியில்லாமல் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு போலீஸ்காரர் விசிலோடு வந்தார். "இந்த வண்டிக்கு நம்ம அப்பா வயசு இருக்கும்" என்று கேரளத்துக் குடும்பம் ஒன்று மலையாளத்தில் பேசிக்கொண்டு போனது. நான் பானெட்டைத் திறந்து வயர்களை ஆட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிளை ஒதுக்கிவிட்டு உள்ளே கையை விடப் போனபோது விரல் சுரீரென்றது. இன்ஜின் ஆறிக் கிடந்தது, கேபிள் மட்டும் கொதித்தது. அந்தக் களேபரத்தில் அதை யோசிக்க நேரமில்லை.

அண்ணாச்சி கதவைத் திறந்து இறங்கினார். நேராக வண்டியின் பின்பக்கம் போனார்.

மதினி அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்தார். "ஏறுங்க உள்ள."

"லேசாத்தான் சொர்ணம், ஒரு உந்து..."

"ஏறுங்கன்னு சொல்லுதேன்லா!"

அந்தக் கூட்டத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மதினி முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் தோளைக் கொடுத்தார். அவர் பக்கத்தில் நான். தலையில் துண்டு கட்டிய ஏழெட்டுப் பேர் கேட்காமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது கியரில் உதறிக்கொண்டு இன்ஜின் எடுத்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். மதினி கைதட்டவில்லை. வீடு வரும்வரை ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"ஞாயித்துக்கெழம."

சனிக்கிழமை காலை மதினி கூட வேலை பார்க்கும் டீச்சர்களோடு பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்விட்டார். நான் இட்லியைப் பிட்டபோது விரலில் இருந்த கொப்புளம் வலித்தது. ஆக்சிலேட்டர் கேபிள் வெறும் இரும்புக் கம்பி. காலால் மிதிப்பதை இன்ஜினுக்குக் கொண்டுபோவது மட்டும்தான் அதன் வேலை. அதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஏன் சுட வேண்டும்?

பேட்டரியிலிருந்து போகிற மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். செல்ஃப் மோட்டாருக்குள் போனது இன்ஜின் வழியாக வெளியே வந்து, அங்கிருந்து எர்த் பட்டை என்கிற பின்னல் செம்புப் பட்டையில் ஏறி, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்குப் போய், பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும். அந்த வழி அடைபட்டால் கிடைத்த சந்தில் எல்லாம் நுழைந்து திரும்பப் பார்க்கும். பாவம், ஒல்லியான ஆக்சிலேட்டர் கேபிளில் அத்தனை மின்சாரமும் நுழைந்திருக்கிறது. கை கழுவாமலே எழுந்து ஓடினேன்.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வாங்கி வந்தார் அண்ணாச்சி. ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்தேன், மறு முனையை இன்ஜினில் வைத்தேன். "திருகுங்க" என்றேன். நல்ல வண்டியில் இந்த இரண்டுக்கும் நடுவே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். இது ஆறு வோல்ட்டைத் தாண்டியது. பாதி பேட்டரி வீணாய்ப் போகிறது. அதே இரண்டு இடத்தையும் ஒரு தடித்த கேபிளால் இணைத்துவிட்டு மறுபடி திருகச் சொன்னேன். கொட்டகைத் தகரம் அதிர இன்ஜின் எடுத்தது. அணைத்தோம், திருகினோம், எடுத்தது. அண்ணாச்சி சின்னப் பையன் மாதிரி திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தார்.

அடியில் படுத்துப் பார்த்தேன். எர்த் பட்டை புதிதுபோல் இருந்தது. போல்ட் இறுக்கமாக இருந்தது. பட்டைக்குக் கீழே, சேசிஸ் மேல், கனமாக, அழகாக, இரண்டு கோட் கிளிப்பச்சை.

பெயின்ட் மின்சாரத்தை விடாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்து போவதால்தான் சில நாள் எடுத்திருக்கிறது.

"அண்ணாச்சி, உப்புத்தாள் இருக்கா? பட்டை உட்கார்ற எடத்துல பெயின்ட்டச் சுரண்டிட்டா போதும்."

தலையை வெளியே நீட்டினேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அங்கன கை வைக்காண்டாம் தம்பி. வேற வழி இல்லையா?"

இருந்தது. பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கு நேராகத் தனியாக ஒரு கேபிள் போட்டுவிட்டால் பழைய பட்டையின் தயவே வேண்டாம். அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே பாதி புரிந்திருந்தது. தென்காசிக்குப் போய் கேபிளும் முனைகளும் வாங்கி வந்து மாட்டினோம். மதினி கோயிலிலிருந்து திருநீறோடு வந்து இறங்கியபோது வண்டி ஒரே திருகில் எடுத்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அண்ணாச்சிக்கும் தெரியவில்லை.

ஞாயிறு காலை செங்கோட்டைக்காரர் வந்தார். அன்னாசிப்பழ வியாபாரி, தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கலகலப்பான மனிதர். வண்டியைச் சுற்றி வந்து, திருகிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கே" என்றார். அண்ணாச்சி தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதினிதான் குறுக்கே வந்தார். "இருங்க. இதுல ஒரு கொற இருந்துச்சு. அதச் சொல்லாம வண்டியக் குடுக்கப்பிடாது." என் பக்கம் திரும்பினார். "என்னதான் கோளாறு தம்பி?"

"எர்த் மதினி. சரியாயிட்டு."

"எப்பிடி சரியாச்சு?"

"புதுசா ஒரு கேபிள் போட்டோம்."

"ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சுலா? நான்தானே கழட்டி மாட்டுனேன். அது அந்து போச்சா?"

"இல்ல."

"அப்ப அது ஏன் வேல செய்யல?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். மதினி சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

செங்கோட்டைக்காரரும் எட்டிப் பார்த்தார். "ஓ, பெயின்ட் மேல மாட்டிட்டாங்களா? அது கொழப்பமில்ல ஐயா, சுரண்டினா மதி, அது போதும்."

"ஒங்களுக்குத் தெரியுமா?" மதினி கேட்டது அண்ணாச்சியை.

"தென்காசியில மெக்கானிக்கு அப்பவே சொன்னான். பெயின்ட்டச் சுரண்டிப் பாக்கணும்னான். வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

"எதுக்கு?"

"நீ அடிச்சது."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கடல் தாண்டி ஒரு இரும்பைச் சுமந்து வந்தவன் நான். "வேற ஏதாவதா இருந்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன் தம்பி" என்று அண்ணாச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னார். கோபம் வரவில்லை.

மதினிக்கு வந்தது. "ஆறாங்கிளாஸ் பிள்ளைகளுக்குக் கடத்தும் பொருள், கடத்தாப் பொருள்னு வருஷா வருஷம் நடத்துதேன். என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா எனக்குப் புரியாதா? கட்டவெரல் அகலத்துக்குப் பெயின்ட் போகும். அதுக்குப் பயந்துக்கிட்டு நெஞ்சக் குடுத்து வண்டியத் தள்ளுனீங்களா? வாய்க்கா கரையில போயி விழுந்தீங்களே, அன்னைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா இந்தப் பச்சைய நான் என்ன செய்ய?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி பின்னாலேயே இரண்டு அடி வைத்து, நின்றுவிட்டார். செங்கோட்டைக்காரர் தனக்குக் கொடுத்திருந்த காப்பியைச் சத்தமில்லாமல் குடித்தார்.

மதினி திரும்பி வந்தபோது கையில் உப்புத்தாளும் ஒரு ஸ்பேனரும் இருந்தன. "நீங்க நவுருங்க தம்பி" என்று சாக்கை விரித்து அவரே அடியில் போனார். போல்ட்டைக் கழற்றி, பட்டையை ஒதுக்கி, பச்சை போய், இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். தேய்த்த சத்தத்தில் இன்னும் கோபம் இருந்தது. பட்டையை மாட்டி இறுக்கி, துரு பிடிக்காமலிருக்க மேலே கிரீஸ் தடவினார். நான் மீட்டரை வைத்தேன். நேற்றுப் போட்ட கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தேன். அண்ணாச்சி திருக, இன்ஜின் உடனே எடுத்தது. மீட்டர் முள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

மதினி எழுந்து செங்கோட்டைக்காரரிடம் கை கூப்பினார். "மன்னிச்சிக்கிடுங்க. வண்டி குடுக்கதா இல்ல. சாப்புட்டுட்டுத்தான் போகணும்."

அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். போகும்போது, வண்டி விற்பதாக இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லச் சொன்னார். அண்ணாச்சி அவருடைய செருப்பை எடுத்துக் காலடியில் திருப்பி வைத்தார்.

சாயங்காலம் ஐந்தருவிக்குப் போனோம். மதினி நடுவில், நான் ஓரத்தில். கூட்டம் நெரிந்தது. ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி அண்ணாச்சி இன்ஜினை அணைத்தார். அருவிச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் சாரல் படிந்துகொண்டிருந்தது. மூன்று பேரில் ஒருவரும் இறங்கவில்லை.

மதினி கையை நீட்டிச் சாவியைத் திருகினார். எடுத்தது. அணைத்தார். மறுபடி திருகினார். எடுத்தது. அண்ணாச்சி அவர் கையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். மூன்றாவது முறையும் எடுத்தபோது, பக்கத்தில் சோளக்கருது சுட்டுக்கொண்டிருந்த பெண் புகையை விசிறிக்கொண்டே சத்தம் போட்டாள். "ஏக்கா, போறீகளா, வந்திருக்கீகளா?"

"வந்திருக்கோம்" என்றார் மதினி. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணாச்சியை இறங்கச் சொன்னார்.